டிரெஸர் அய்யாவின் லேப்டாப்பில் நகர்ந்த வார்த்தைகள்

மலேசியாவில், காப்பார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். இங்கிலீஷில் என் பெயரை எழுதத் தெரியும், மெனுவில் வருகிற ஐம்பது அறுபது வார்த்தை தெரியும், அவ்வளவுதான். அந்த மூலதனத்தில் நான் உண்டாக்கினதைக் கேளுங்கள். கிள்ளானில் ஒரு மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்து நிற்க முடியாத இடத்தில் ரேடியோ ரிப்பேர் போட்டேன். அதே தெருவில் டிவி, டைப்ரைட்டர், கால்குலேட்டர் எல்லாம் பார்க்கிற முழுக் கடையாக்கினேன். பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் கடை திறந்தேன். அந்த வட்டாரத்தில் கோயில் நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிக் கார்டும் கம்ப்யூட்டரில் தமிழிலேயே அடிக்க ஆரம்பித்தார்கள் என்றால், வீடு வீடாக எழுத்தை ஏற்றிக் கொடுத்தது இந்த மாரிமுத்துதான். டிப்ளமா வைத்திருந்தவர்கள், “இவருக்கு என்ன லா தெரியும்” என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் பிற்பாடு என்னிடமே வேலை கேட்டு வந்தார்கள். கொடுத்தேன்.

போன மாதம் ரிப்பேர் தொழிலில் இருக்கிற சில பேர் என்னிடம் கேட்டார்கள். “அங்கிள், சொந்த லேப்டாப்புக்கு எந்த ஆன்டிவைரஸ் போடலாம்? தொந்தரவு பண்ணாததா இருக்கணும். அது உள்ள இருக்கிறதே தெரியக்கூடாது.” சும்மா ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பதே தெரியாத காவலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நான் படித்தது கிள்ளானில் ஒரே ஒரு வீட்டில். அதைச் சொல்லாமல் பதில் சொன்னால் பாதிப் பதில்தான்.

தொழில் கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கிவிடுகிறேன். ரேடியோவை நானே பிரித்துப் பிரித்துக் கற்றேன். டைப்ரைட்டரை ஒரு சீனர் கடையில் கற்றேன். கம்ப்யூட்டரை அம்பலவாணர் சாரிடம் எட்டு வருசம் கற்றேன்.

அம்பலவாணர் சார் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்கத்தில் தொலைபேசிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் மடித்த கைக்குட்டை. வேலைக்கு உட்காரும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் குப்புற வைப்பார். கஸ்டமர் நாற்காலியைக் காட்டிச் சொன்னால் ஒழிய உட்கார மாட்டார். என்னைவிட அத்தனை வயசு மூத்தவர், கடைசி வரைக்கும் என்னை ‘நீர்’ என்றுதான் கூப்பிட்டார். வைரஸ் என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ‘வருத்தம்’ என்பார், அவர்கள் பேச்சில் நோய்க்கு அதுதான் பெயர்.

அவர் முறை இது. முதலில் பெட்டியைத் தொடக்கூடாது. கஸ்டமர் என்ன சொல்கிறாரோ அதை அவர் வார்த்தையிலேயே நோட்டில் எழுத வேண்டும். ‘பெட்டி அழுவுது’ என்றால் ‘பெட்டி அழுவுது’ என்றே எழுத வேண்டும். பிறகு கரண்டைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, வாய்விட்டு முப்பது வரை எண்ண வேண்டும். மின்சாரம் போனாலும் உள்ளே கொஞ்ச நேரம் ஞாபகம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பார். பிறகு நாம் கொண்டு போன பிளாப்பியில் இருந்துதான் பெட்டியைக் கிளப்ப வேண்டும். அந்தப் பிளாப்பியின் மூலையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளிப் பூட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் அதன்மேல் யாரும் எதுவும் எழுத முடியாது. கஸ்டமரின் கோப்பை முதலில் ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியையும் பூட்டி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

“வருத்தக்காரனையே கூப்பிட்டுச் சாட்சி கேளாதேயும், மாரிமுத்து. அந்த மெஷினுக்குள்ளை இருக்கிற ஒண்டையும் நம்பி அந்த மெஷினைச் சோதியாதேயும்.”

இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஆயிரம் தடவையும் தலையாட்டினேன்.

இனி அந்த வீடு. தொண்ணூறுகளின் நடுவில், லேப்டாப் அப்போதுதான் சாதாரண ஆட்கள் கைக்கு வந்துகொண்டிருந்தது. கிள்ளானில் ராஜமாணிக்கம் என்று ஒருவர். முப்பது வருசம் தோட்டங்களில் டிரெஸராக இருந்தவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வராத நாளெல்லாம் டாக்டரும் அவர்தான், நர்ஸும் அவர்தான். அவருக்குத் தொண்டையில் புற்று வந்து குரல் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை, ஓட்டையில் குழாய், மூச்சு அது வழியாகத்தான். பேச்சு இல்லை. கை நடுக்கத்தில் பேனா பிடித்தால் கோடு கோடாகப் போகும். ஒரு விரலால் சாவியைத் தட்ட மட்டும் முடியும்.

செலாயாங்கில் காய்கறி மொத்த வியாபாரம் பார்த்த மகன் குணசேகரன், தான் வைத்திருந்த லேப்டாப்பை அப்பாவுக்குக் கொடுத்தான். தமிழ் எழுத்து ஏற்றிக் கொடுத்தது நான். அய்யா ஒரு விரலால் தட்டுவார், அவர் மனைவி பாக்கியம் அக்கா படிப்பார். ‘பேச்சு’ என்று பெயர் வைத்த ஒரே கோப்பில்தான் எல்லாமே. தண்ணீர் கேட்டது, திட்டினது, சிரித்தது எதையும் அழிக்க மாட்டார். நோயாளி ரிக்கார்டில் ஒரு வரி அடிக்கக்கூடாது, ஒரு தாள் கிழிக்கக்கூடாது என்று பழகினவர். அக்கா காலையில் அவர் குளிக்கப் போன நேரம் அந்தக் கோப்பைத் திறந்து பழசையெல்லாம் படிப்பார். “படிச்சா அவரு தொண்டைச் சத்தம் அப்படியே கேக்குது தம்பி” என்பார்.

நாலு மாதம் கழித்து அக்கா போன் பண்ணினார்.

“தம்பி, அவரு நேத்து பேசினது இன்னைக்கு வேற மாதிரி இருக்கு.”

“மாத்தி அடிச்சிருப்பாருக்கா.”

“அவரு தொடல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ வா.”

பகல் இரண்டு மணிக்குப் போனேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, வீட்டுக்குள் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. லேப்டாப்பைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, மேலே ஒரு துண்டு போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் அய்யா கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கழுத்துக் குழாயில் அவர் மூச்சு ‘ஸ்ஸ்’ என்று போய்ப் போய் வந்தது. வேறு சத்தமே இல்லை.

அக்கா சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். அவர் சொன்னது இது: ‘பெட்டி அவரு பேச்சை எடுத்து அதுவா பேசுது.’

துண்டை எடுத்துக் கோப்பைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார்.

‘செத்த தேதி இன்னைக்கு. நர்ஸ் வண்டி சத்தம் கேக்குது. சரசு வாசல்ல நிக்குது, கதவைத் திற.’

“சரசு யாருக்கா?”

“அவரு தங்கச்சி. பதினேழு வயசுல செத்துப் போச்சு. நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு.”

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அதை ஒளிப்பானேன், பார்த்தேன்.

அக்கா குரலைத் தாழ்த்தி மற்றதைச் சொன்னார். மகனைப் பற்றியும் ஒரு வரி அப்படி வந்திருக்கிறது: ‘இனிமே குணா கஞ்சி வேணாம்.’ ஞாயிறு தோறும் செலாயாங்கில் இருந்து கஞ்சி கொண்டு வருகிற பிள்ளை அதைப் படித்துவிட்டு முகம் சுண்டிப் போனான். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டி, மனநல வார்டில் காட்ட ஏற்பாடும் பண்ணிவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிப் போவதாகவும், பெட்டியையும் எடுத்துப் போவதாகவும் சொல்லியிருக்கிறான். அன்று புதன்கிழமை.

அய்யா விரலை நீட்டித் தட்டினார். ‘எனக்கே தெரியல மாரி. ஆபரேஷன் மயக்கத்துக்கு அப்புறம் சில பேருக்கு மூளை கெடும். நானே பாத்திருக்கேன்.’

பெட்டி போனால் அந்த மனுசனுக்கு நாக்கு போன மாதிரி. நாக்கு இல்லாமல் அந்த வார்டில் உட்கார்ந்து, எனக்குப் பைத்தியம் இல்லை என்று எப்படிச் சொல்லுவார்?

சாரின் முறையை ஒன்று விடாமல் செய்தேன். பேட்டரி கழற்றினேன். முப்பது எண்ணினேன், அக்காவும் கூடவே உதட்டை அசைத்து எண்ணினார். பூட்டின பிளாப்பி போட்டுக் கிளப்பினேன். என்னிடம் இருந்த மூன்று ஆன்டிவைரஸாலும் சோதித்தேன். மூன்றும் ஒரே பதில்: சுத்தம்.

பிரதி எடுத்துப் பூட்டினேன். கடையில் இருந்து எடுத்துப் போன பிரிண்டரில் கடைசிப் பக்கத்தை அடித்தேன். கோப்பைச் சேமித்து மூடினேன். ஏதோ தோன்றியது, திரும்பத் திறந்து அதே பக்கத்தை இன்னொரு தடவை அடித்தேன். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் ஒரு கதவை மட்டும் திறந்து, வெயிலுக்கு எதிரே கண்ணாடியில் அழுத்திப் பிடித்தேன்.

எழுத்தின்மேல் எழுத்து அச்சாக விழுந்தது. நடுவில் ஒரு வரியில் மட்டும் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. ‘வெந்நீர்’ என்ற வார்த்தை மேலே இருந்த வரியை விட்டுவிட்டு நாலு வரி கீழே போய் உட்கார்ந்திருந்தது. புது வார்த்தை எதுவும் வரவில்லை, இருந்த வார்த்தை எதுவும் தொலையவில்லை. எல்லாம் அவர் சொன்னவை. இடம்தான் வேறு. அந்தப் பத்து நிமிசமும் பெட்டியைத் தொட்டது நான் ஒருவன்தான்.

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். “நான் சொன்னேன்ல” என்றார். வெற்றியாகச் சொல்லவில்லை.

பூட்டின பிரதியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து அம்பலவாணர் சாருக்குப் போன் போட்டேன். அப்போது அவர் வேலையை விட்டு வீட்டோடு இருந்தார்.

“மூணு காவலும் சுத்தம்ங்குது சார். ஆனா வார்த்தை நகருது. என் கண்ணால பாத்தேன்.”

“காவல்காரன் எதைச் சோதிக்கிறான்?”

“புரோகிராமை.”

“நகருறது எது?”

“கடிதம் சார்.”

“பின்னை ஏன் புரோகிராமைப் போட்டுக் குடையிறீர்? வருத்தம் கடிதத்துக்குள்ளையே இருக்கலாம். அந்தக் கோப்பு எந்தக் கோப்பிலை இருந்து பிறந்தது?”

பதில் எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் பழக்கத்தைத் தெரிந்தால்தான் இது புரியும். வெறும் தமிழ் எழுத்தை மட்டும் ஏற்றினால் போதாது. எழுத்தின் அளவு, வரி இடைவெளி எல்லாம் சரியாக வைத்த ஒரு ‘மாதிரிக் கடிதம்’ வேண்டும். அதைத் திறந்து, அதற்குள்ளேயே தன் விசயத்தை அடித்து, வேறு பெயரில் சேமித்துக்கொள்வார்கள். நான் ஒரு மாதிரிக் கடிதம் செய்து வைத்திருந்தேன். தொழிலில் என் பெருமையே அதுதான். எழுத்துப் பிளாப்பி கொடுத்த வீட்டுக்கெல்லாம் அதையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர்கள் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். மாதா மாதம் அழகுபடுத்தவேண்டும் என்று அந்த மூலப் பிளாப்பியை மட்டும் நான் பூட்டியதே இல்லை.

“என் மாதிரிக் கடிதத்துல இருந்து சார்.”

அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அடிப்பது என் காதில் கேட்டது.

“அதைத் திறந்து பாரும்” என்றார் கடைசியில். வைத்துவிட்டார்.

திறந்து பார்த்தேன். தானாக ஓடும் கட்டளைகளின் பட்டியல் என்று ஒன்று மெனுவுக்குள் இருக்கும். என் கடிதத்தில் அது காலியாக இருக்க வேண்டும். ஒரு பெயர் இருந்தது. கோப்பைத் திறக்கும்போதெல்லாம் ஓடு என்கிற மாதிரிப் பெயர். கடையில் ஓரமாகக் கிடந்த பழைய பெட்டியில் அதை ஏற்றி, ஒரு பக்கம் அடித்து, பத்து தடவை மூடி மூடித் திறந்தேன். சில தடவை ஒன்றும் நடக்காது. சில தடவை ஒரு வார்த்தை எழுந்து வேறு வரிக்குப் போயிருக்கும். போவதைக் கண்ணால் பார்க்க முடியாது. திறக்கும்போதே போய் உட்கார்ந்திருக்கும்.

அப்போதுதான் அதற்கு முந்தின மூன்று மாதக் கதை எல்லாம் உறைத்தது. ஒரு சங்கத்துக்காரர் அஞ்சலி நோட்டீஸைக் கொண்டு வந்து கடை வாசலில் நின்று கத்தினார். ‘மறைந்த’ என்ற வார்த்தை போன ஆளை விட்டுவிட்டு அவர் பெயருக்கு முன்னால் ஏறியிருந்தது. “நான் எப்ப லா செத்தேன் மாரி? செத்திருந்தா பொண்டாட்டி சொல்லியிருப்பாளே!” கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்து அடித்தவன்மேல் பழி போட்டேன். வேறு ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளைக்கு இரண்டு அப்பா. எல்லாம் என் கடிதத்தின் பிள்ளைகள். எத்தனை வீட்டில் எத்தனை வார்த்தை இடம் மாறி, யாருக்கும் தெரியாமல் கிடக்கிறதோ என்று நினைத்தபோது கடைக்குள் நிற்கவே பிடிக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு கஸ்டமர் கொண்டு வந்த ஆபீஸ் கடிதம் என் பெட்டியில் தொற்ற, நான் அதை ஊர் முழுக்கக் கொண்டு போயிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குணசேகரன் வருவதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். அவன் வந்ததும் கார் சாவியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

“அண்ணே, உங்களுக்கு ஏன் வீண் வேலை? அப்பாவ டாக்டர் பாத்துக்குவாரு. இந்தப் பெட்டியால அம்மாவும் சேந்து பைத்தியமாகுது.”

“ஒண்ணே ஒண்ணு செய் குணா. நீயே இதைத் தொறந்து பிரிண்டர்ல அடி, மூடு, மறுபடி தொறந்து அடி. நான் அந்தப் பக்கம் போயி நிக்கிறேன். அப்பாவும் தொடமாட்டாரு.”

முதல் தடவை இரண்டு தாளும் ஒரே மாதிரி இருந்தன. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மூன்றாவது தாளைக் கண்ணாடியில் பிடித்தபோது நின்றுவிட்டான். பிடித்த கையை எடுக்கவே இல்லை. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் எடுத்துப் பூட்டி வைத்திருந்த பிரதிகளில் ஒன்று, லேப்டாப்பில் எழுத்து ஏற்றின இரண்டாவது வாரம் நான் எடுத்தது. அதில் கஞ்சி வரி இருந்தது. ‘இனிமே கஞ்சி வேணாம். குணா வாங்கிட்டு வந்த பிஸ்கட் போதும்.’ அதைக் காட்டினேன். அவன் அப்பா பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தான். அய்யா அவன் தலைமேல் கையை வைத்தார். வார்டும் இல்லை, ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது.

“எப்படிண்ணே வந்துச்சு இது?”

“வெளி பிளாப்பி எதுலயாச்சும் வந்திருக்கும்” என்றேன்.

குணசேகரன் போன பிறகு அந்தக் கட்டளையை அழித்து, பெட்டிக்குள் அது ஒளிந்திருந்த மற்ற இடத்தையும் சுத்தம் பண்ணினேன். பழைய பிரதிகளோடு ஒத்துப் பார்த்து வரிகளைச் சரி பண்ணிக்கொண்டே வந்தேன். சரசு வரி வந்தது. மூலத்தில் ‘சரசு செத்த தேதி இன்னைக்கு’ என்றுதான் அடித்திருந்தார். அதை இழுத்துப் பழைய இடத்தில் வைக்கப் போனேன். அய்யா என் கைமேல் கையை வைத்தார். சில்லென்று இருந்தது. என் கையை விலக்கிவிட்டு அவர் தட்டினார்.

‘இதை விட்டுடு.’

“தப்பா இருக்கே அய்யா.”

‘கதவைத் தொறக்கச் சொல்லி அவ தினமும் நிக்கிறா. பெட்டிக்கு எப்படித் தெரிஞ்சுதோ.’

பிறகு ரொம்ப நேரம் தட்டினார். ஒரு விரல்தானே. நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். தோட்டத்தில் மஞ்சள் காமாலை வந்த வருசம், தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகப் போய் ஊசி போட்டிருக்கிறார். வேகத்தில் ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து தங்கச்சிக்கும் அதே ஊசியில் சத்து மருந்து போட்டிருக்கிறார், அவளுக்கும் காமாலை தொற்றிவிட்டது. ‘ரிக்கார்டுல எழுதினேன். ஊசி என்னுதுன்னு. தோட்டத்துத் துரை கிழிக்கச் சொன்னாரு. கிழிக்கல.’

நிறுத்தினார். குழாயில் மூச்சு போய் வந்தது. இன்னொரு வரி அடித்தார்.

‘இங்க கொண்டு வந்தது நீதானே?’

தலையாட்டினேன்.

‘உன் நோட்டுல எழுதிட்டியா?’

பிளாப்பிகளைப் பையில் போட்டேன். அடுத்த இரண்டு மாதம் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், சுங்கை பூலோ வரைக்கும் வீடு வீடாகப் போய் என் கடிதத்தைத் தேடிச் சுத்தம் பண்ணினேன். ‘இலவசப் பரிசோதனை’ என்று சொல்லிக்கொண்டு போனேன். டீ கொடுத்தார்கள், புகழ்ந்தார்கள், ஒரு கோயிலில் மாலை போட்டார்கள். போட்டுக்கொண்டேன்.

அய்யா லேப்டாப்புக்கு இனி ஒரு காவல் வேண்டும். கடிதத்துக்குள்ளும் பார்க்கிற ஆன்டிவைரஸ்கள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. இருந்ததிலேயே பலமானதைத் தேடிப் போட்டேன். சிவப்புப் பெட்டி திரையில் பாயும், சைரன் அடிக்கும், வாரம் ஒரு தடவை தானே எழுந்து எல்லாவற்றையும் சோதிக்கும். பெருமையாக அய்யாவிடம் காட்டினேன். பத்து நாள் ஆகவில்லை.

காலை பத்து மணிக்கு அய்யாவின் குழாயைச் சளி அடைத்துவிட்டது. தட்டப் போகிறார். அந்த நேரம் பார்த்து வாரச் சோதனை எழுந்து நிற்கிறது. தட்டத் தட்ட ஒரு எழுத்தும் வரவில்லை. திரை முழுக்கச் சிவப்பு, நடுவில் இங்கிலீஷில் ‘காத்திருக்கவும்’. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பழைய பேய்தான் திரும்பி வந்துவிட்டது என்று துண்டை எடுத்துத் திரைமேல் போட்டுவிட்டார். துண்டுக்கு அடியில் சைரன் வேறு அடிக்கிறது. அய்யா தம்ளரைத் தரையில் அடித்த பிறகுதான் அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். உதடு நீலம். அக்கா சளி அடைத்த உள் குழாயைப் பிடுங்கினார். அதை முன்னமே கற்றுக்கொடுத்து வைத்திருந்ததால் அய்யா பிழைத்தார்.

நோய்கூட அவர் வார்த்தையை இடம்தான் மாற்றியது. நான் போட்ட காவல் வாயையே பொத்திவிட்டது.

ஆக, கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடைக்கு வந்து, கிடைத்த நாலு ஆன்டிவைரஸையும் அதே மாதிரிப் பழைய லேப்டாப் ஒன்றில் ஒவ்வொன்றாகப் போட்டேன். விரலால் ஒரு சாவியைத் தட்டி, எழுத்து எவ்வளவு நேரத்தில் திரைக்கு வருகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். தட்டினதும் வராததை அந்த இடத்திலேயே தள்ளினேன். ஒரு நாள் முழுக்க வேலை பார்த்து, அது எத்தனை தடவை தானாக வாய் திறக்கிறது என்று கோடு போட்டேன். என் நோய்க் கடிதத்தை உள்ளே விட்டுப் பிடிக்கிறதா என்று பார்த்தேன். எல்லாவற்றையும் தானே முடிவு பண்ணுகிறதா, நான் சொன்னபடி கேட்கிறதா என்று பார்த்தேன். மிஞ்சினது ஒன்று. பேர் தெரியாத சின்னக் கம்பெனி, இப்போது இல்லை.

அதையும் அப்படியே போடவில்லை. பிளாப்பி உள்ளே போனால் மட்டும் சோதி, கடிதம் திறக்கும்போது சத்தம் போடாமல் பார், எதையாவது பிடித்தால் தனியாக ஒதுக்கி வை, திரையில் பெட்டி வரக்கூடாது. முழுச் சோதனை தானாக எழக்கூடாது, அவர் குளிக்கப் போகும்போது அக்கா ஒரு சாவியைத் தட்டினால் மட்டும். நான் மாதம் ஒரு தடவை புதுப் பட்டியலைப் பூட்டின பிளாப்பியில் கொண்டு வந்து போடுவேன். திரை மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். “புள்ளி கறுத்தா போன் போடுங்கக்கா.” இரண்டு வருசத்தில் ஒரு தடவைதான் கறுத்தது. சொந்தக்காரர் கொண்டு வந்த பிளாப்பி. அய்யா தட்டிக்கொண்டிருந்த வாக்கியம் நிற்கவே இல்லை.

அய்யா போய் ஒரு மாதம் கழித்து அக்கா கூப்பிட்டார். அதே அறை, லேப்டாப் இப்போது வாசலைப் பார்த்து இருந்தது. ‘பேச்சு’ திறந்திருந்தது.

“தினமும் காலைல தொறந்து பாக்குறேன் தம்பி. ஒரு வார்த்தைகூட அசையல.”

“சுத்தமா இருக்குக்கா. காவல் இருக்குல்ல.”

“அதான் கேக்குறேன்.” வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். “அந்த நோவை மறுபடியும் போட்டு விட முடியுமா?”

அந்த நோய்க் கடிதம் இருந்த பிளாப்பி பூட்டினபடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அக்காவுக்கு அது தெரியாது. “முடியாதுக்கா” என்றேன். அதுவும் பொய். எழுந்து வெளியே வந்தேன். முதுகுக்குப் பின்னால் லேப்டாப் விசிறி ‘ஸ்ஸ்’ என்று ஓடுவது கேட் வரைக்கும் கேட்டது.

இந்த வட்டாரத்தில் தமிழ் கம்ப்யூட்டருக்குள் எப்படி வந்தது என்று எழுதுகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். யார் யார் பெயரையோ போடுகிறார்கள். என் பெயரையும் போட வேண்டும், கேட்டு வாங்குகிற உரிமை எனக்கு இருக்கிறது. வீடு வீடாகத் தமிழ் எழுத்தைக் கொண்டு போனவன் காப்பார் மாரிமுத்து என்று எழுதுங்கள். வாய் திறக்காத காவலை முதலில் வைத்தவன் அவன் என்று எழுதுங்கள். அந்த எழுத்தோடு சேர்த்து வார்த்தை நகர்த்தும் நோயையும் கொண்டு போய், யாரிடமும் சொல்லாமல் மாலை வாங்கிக்கொண்டவனும் அவன்தான் என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். எதையாவது ஒன்றை விட்டுவிட்டுப் போடுவதாக இருந்தால் என் பெயரே வேண்டாம். மூன்றும் நான் செய்த வேலை.